நிலவோடு சேர்த்து எடுங்கள்

கரூரில் வீட்டுத் துணி ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்கு ஜனவரி என்றால் பிராங்க்ஃபர்ட். அங்கே நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு மேசை விரிப்புகளையும் சமையலறைத் துண்டுகளையும் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு போவோம். முதல் தடவை போனபோது, கிடைத்த ஓய்வு நேரத்தில் நூற்று நாற்பது கதவுகளைப் போனில் படமெடுத்து வந்தேன். அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நிலவு எங்கே சாமி? கதவெல்லாம் அந்தரத்தில் தொங்குகிறதே?"

எங்கள் பக்கம் நிலவு என்பது வானத்தில் இருப்பது மட்டுமில்லை, கதவைத் தாங்கி நிற்கும் நிலைச்சட்டமும்தான். வீடு கட்டும்போது நிலவு வைப்பதற்கென்று நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் இட்டு, சொந்தபந்தத்தைக் கூட்டிச் செய்வோம். வாசற்படியை மிதிக்காமல் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும் என்று வளர்ந்தவன் நான். போனைக் கையில் எடுத்ததும் அத்தனையும் மறந்துபோய், நிலவையும் படியையும் வெட்டித் தள்ளிவிட்டுப் பலகையை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன். எனவே முதல் பாடம் அம்மாவுடையது. நிலவு நான்கு பக்கமும் தெரிய வேண்டும். அதற்கு வெளியே ஒரு முழம் சுவரும், கீழே படியும், படிக்கு முன்னால் கொஞ்சம் தரையும் வேண்டும். வேண்டாததைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். விட்டுப்போனதை ஒட்டவைக்க முடியாது.

அடுத்தது கோணல். கட்டம் போட்ட துண்டுதான் எங்கள் பிழைப்பு. கட்டம் ஓரத்தோடு ஒட்டி ஓடாமல் விரல்கடை சாய்ந்திருந்தால் செக்கிங் மேசையிலேயே தள்ளிவிடுவோம். அந்தக் கண்ணோடு என் பழைய படங்களைப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறாது. எல்லாக் கதவும் மேலே குறுகி, பின்பக்கமாக மல்லாந்து விழுவதுபோல் நிற்கும். காரணம் எளிது. கதவு உயரமாக இருக்கிறதே என்று போனின் தலையைச் சற்று அண்ணாந்து பிடிக்கிறோம். போன் கதவுக்கு இணையாக, நட்டமாக நின்றால்தான் நிலவுக்கால் இரண்டும் நேராக விழும்.

கேமரா அமைப்பில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். கதவின் நடுக்கோட்டுக்கு நேர் எதிரே நில்லுங்கள். இரட்டைக் கதவென்றால் இரண்டு பலகையும் சேரும் இடம்தான் அந்தக் கோடு. போனைக் கதவின் பாதி உயரத்துக்கு இறக்குங்கள். ஏழடிக் கதவுக்கு அது நெஞ்சளவுக்குச் சற்றுக் கீழே வரும், முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் போதும். ஐரோப்பாவின் பழைய வீதிகளில் பத்தடி, பன்னிரண்டடிக் கதவுகள் சாதாரணம். அங்கே பாதி உயரமே கண் மட்டத்துக்கோ அதற்கு மேலோ போய்விடும். அண்ணாந்து பிடிக்காமல் பின்னால் நடங்கள். படத்தின் கீழ்ப்பாதியில் வெறும் ரோடு நிறைய விழும். விழட்டும், அதை வீட்டுக்கு வந்து வெட்டிவிடலாம். பின்னால் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போனின் சாதாரண லென்ஸே அகலக்கோண லென்ஸ்தான். கிட்டே போனால் ஓரங்களை இழுத்துவிடும். நன்றாகத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் கதவு தன் உருவத்தில் இருக்கும். அரை மடங்கு என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, கதவுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

சந்து குறுகலாக இருந்து பின்னால் போக வழியில்லை என்றால், முழுக்கதவை விட்டுவிடுங்கள். கைப்பிடியை எடுங்கள், தாழ்ப்பாளை எடுங்கள். அரைகுறையாக ஒரு முழுக்கதவு எடுப்பதைவிட, உருப்படியாக ஒரு நாதாங்கி எடுப்பது மேல்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை நம்மூர்ப் புத்தி அங்கே செல்லாது. நமக்கு வெயில் இருந்தால்தான் படம். கதவுக்கோ மேகமூட்டம்தான் நல்லது. வெயிலில் தாழ்வாரத்தின் நிழல் கதவைக் குறுக்கே இரண்டாக அறுத்துவிடும். மேல்பாதி கருப்பு, கீழ்ப்பாதி வெளுப்பு. ஜனவரி பிராங்க்ஃபர்ட்டில் பெரும்பாலும் சாம்பல் வானம்தான். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் சலித்துக்கொள்வார்கள், எனக்கு மட்டும் கொண்டாட்டம். மரத்தின் ரேகைகூட அந்த வெளிச்சத்தில் தெரியும். ஒரே தொல்லை, அங்கே அப்போது சூரியன் உதிக்கவே எட்டேகால் தாண்டிவிடும், ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். கண்காட்சிக்குப் போவதற்குமுன் அரைமணி நேரம்தான் நமக்கு. கோடையில் போகிறவர்களுக்கு வேறு வசதி உண்டு. நம் நேரம் அந்த ஊர் நேரத்தைவிட மூன்றரை மணி முந்தி ஓடுவதால், முதல் சில நாட்கள் விடியலுக்கு முன்பே விழிப்பு வந்துவிடும். புரண்டு படுக்காமல் கிளம்பிவிடுங்கள். குப்பைத்தொட்டி, சரக்கு வேன், சைக்கிள் எதுவும் வந்து மறைக்காத நேரம் அதுதான்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வருடம் முப்பது சதவீத சார்ஜோடு வெளியே நின்றுகொண்டிருந்த போன் சட்டென்று அணைந்துவிட்டது. கெட்டுவிட்டது என்று பதறினேன். குளிரில் பேட்டரி அப்படித்தான் சுருண்டுவிடும் என்று உடன் வந்தவர் சொன்னார். சட்டைக்கு உட்பையில் வைத்துச் சூடாக்கியதும் உயிர் வந்தது. படம் எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள்.

கருப்புக் கதவை போன் சாம்பலாக்கும். வெள்ளைக் கதவை அழுக்காக்கும். எல்லாவற்றையும் நடுவாந்திரமாக்கப் பார்ப்பது அதன் சுபாவம். திரையில் கதவைத் தொட்டால் ஒரு சூரியக் குறி வரும். கருப்புக்கு அதைக் கீழே இழுங்கள், வெள்ளைக்கு மேலே தள்ளுங்கள். பளபளப்பான பெயின்ட்டில் உங்கள் உருவமே தெரிந்தால் அரை அடி ஒதுங்கி நின்று எடுங்கள்.

இவ்வளவும் கை வேலை. எந்தக் கதவை எடுப்பது என்பதுதான் கஷ்டம். பிராங்க்ஃபர்ட்டின் பழைய நகரம் 1944 குண்டுவீச்சில் அழிந்துபோனது. ரோமர் சதுக்கத்தை ஒட்டி இன்று பளிச்சென்று நிற்கும் "பழைய" வீதிகள் 2018இல் முடிந்தவை. முப்பத்தைந்து கட்டடங்களில் பதினைந்து, பழைய வீடுகளை அப்படியே திரும்பக் கட்டியவை. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கதவுகளில் கைபட்ட தேய்மானம் இன்னும் வரவில்லை. எனக்கு அங்கே எடுத்த படங்கள் எல்லாம் கேட்டலாக் போலவே இருக்கின்றன. மைன் ஆற்றின் இரும்பு நடைபாலத்தைத் தாண்டி சாக்சன்ஹவுசன் பக்கம் போனால் நிலைமை வேறு. ஆப்பிள் மது விற்கும் பழைய கடைகளின் வாசலில் பச்சைக் கிளையில் செய்த வளையம் தொங்கும். உள்ளே மது உண்டு என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த வளையத்தை விட்டுவிட்டுக் கதவை மட்டும் எடுத்தால் பாதி சேதி போய்விடும்.

2025இல் கண்காட்சி ஜனவரி 14இல் தொடங்கியது. நமக்குத் தைப்பொங்கல். முந்தின நாள் ரயிலேறி மைன்ஸ் போனேன், முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கிர்ஷ்கார்டன் என்ற இடத்தில் மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகள் இருக்கின்றன. அங்கே ஒரு கதவுக்கு மேலே, நிலவின் நெற்றியில், சுண்ணக்கட்டியில் ஏதோ எழுதியிருந்தது. இடது ஓரத்தில் 20, வலது ஓரத்தில் 25, நடுவில் மூன்று ரோமன் எழுத்துகள், இடையிடையே சிலுவை. யாரோ கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜனவரி 6ஐ ஒட்டிச் சிறுவர்கள் மூன்று ராஜாக்கள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய், நன்கொடை வாங்கிக்கொண்டு எழுதிவிட்டுப் போகும் ஆசீர்வாதம் அது. கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிக்கட்டும் என்ற லத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்துகள். இருபுறமும் சேர்ந்தால் ஆண்டு. நான் அங்கே நின்ற அதே நாளில் எங்கள் வீட்டு நிலவில் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டியிருப்பார்கள். கதவின் மரமோ வேலைப்பாடோ அப்புறம் கண்ணில் படவில்லை. அந்தச் சுண்ண எழுத்துக்கு மட்டும் பதினோரு படம் எடுத்தேன். இரண்டு தேறின.

அன்றிலிருந்து ஒவ்வொரு கதவிலும் இதைத்தான் தேடுகிறேன். அந்த வீட்டுக்காரர் கை எங்கே பட்டிருக்கிறது? கைப்பிடியைச் சுற்றிப் பெயின்ட் போன இடம், படியின் நடுவில் குழிந்த கல், பூட்டு மாற்றியதில் விட்டுப்போன பழைய துளை. முழுக்கதவு ஒன்று, கைபட்ட இடம் கிட்டத்தில் ஒன்று, படியடியில் ஒன்று என்று மூன்று படம் எடுப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. அக்கா மகன் படிக்கும் டப்ளினில் இது கைகொடுத்தது. மெரியன் சதுக்கத்தில் செங்கல் வீடுகள் எல்லாம் ஒரே சீருடை போட்டதுபோல் நிற்கும். வித்தியாசம் கதவின் நிறத்திலும், அதன் தலைமேல் விசிறிபோல் விரிந்த கண்ணாடியிலும்தான். எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். படிக்கு அருகில் குனிந்து பார்த்தால் கல்லில் பதித்த சிறு இரும்புத் தகடு ஒன்று இருக்கும். வீதிச் சேற்றோடு வந்தவர்கள் பூட்ஸைச் சுரண்டிவிட்டு உள்ளே போவதற்கு. வாசலில் கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் போகும் நமக்கு அதை விளக்கவே வேண்டாம்.

சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் ஜூ சியாட் பக்கம் ஒரு காலை ஒதுக்குங்கள். அங்கே பழைய கடைவீடுகளில் பெரிய கதவுக்கு முன்னால் பாதி உயரத்தில் ஓர் இரட்டைக் கதவு உண்டு. மலாயில் பிந்து பாகர், வேலிக்கதவு. பெரிய கதவைத் திறந்துபோட்டால் காற்று வரும், தெருவில் போகிறவர் பார்வை வராது. நம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் படலுக்குச் செதுக்கு வேலை செய்து பெயின்ட் அடித்ததுபோல் இருக்கும். அங்கே சூரியன் ஏழு மணிவாக்கில் உதித்து விறுவிறுவென்று ஏறிவிடும். ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.

கதவு என்பது இன்னொருவர் வீடு, இது மறந்துபோகும். பாரிஸில் வண்ண வண்ண வீடுகளுக்குப் பெயர்போன ரூ கிரெமியூ தெருவாசிகள், படமெடுக்க வரும் கூட்டம் தாங்காமல் 2019இல் மாலையிலும் வார இறுதியிலும் தெருவை அடைக்கச் சொல்லி நகர நிர்வாகத்திடம் கேட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். ரோட்டில் நின்று எடுங்கள், படியேறாதீர்கள், படியில் உட்கார்ந்து உங்களைப் படமெடுத்துக்கொள்ளாதீர்கள். ஜெர்மனியில் அழைப்புமணிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் பெயர் எழுதியிருக்கும். வெளியே பகிரும்முன் அதை மங்கலாக்கிவிடுங்கள். தூதரக வாசல்களைக் கண்டால் போனை மடித்து வையுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தால் ஓடாதீர்கள், ஓடினால்தான் சந்தேகம். ஒரு தடவை ஒரு பாட்டி கையில் பையோடு வெளியே வந்து என்னை முறைத்தார். போனைத் திருப்பிப் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, பெயின்ட் உரிந்த மூலையை விரலால் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். பாஷை புரியவில்லை. பெயின்ட் அடிக்காத மகனைத் திட்டுகிறார் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

படமெடுத்த கையோடு தெருப் பலகையையும் வீட்டு எண்ணையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஊர் திரும்பியபின் எது எந்தத் தெரு என்று தலையைச் சொறியும் வேலை அப்போதுதான் மிச்சமாகும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம்முன் உங்கள் வீட்டுக் கதவையே எடுத்துப் பழகுங்கள். காலை ஏழு மணிக்கு, உச்சி வெயிலில், விளக்கு வைக்கும் நேரத்தில். எங்கள் கதவு கிழக்குப் பார்த்தது. காலையில் நேர்வெயில் அடித்து மஞ்சள் பூச்சு ஆரஞ்சாக விழும், சாயங்காலம்தான் உள்ள நிறம் வரும். வாசல் தெளித்துக் கோலம் போட்டபின் எடுங்கள். கோலம் முழுதாக உள்ளே வந்தால் படியும் தரையும் தானாக வந்துவிடும்.