பேரிங் வளையத்தின் மேலேயே வெப்பநிலை உணரி

சுங்கை சிப்புட் செம்பனை ஆலைப் பட்டறைகளில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் வெப்பநிலையைத் துல்லியமாக அறிய, உணரியை வளையத்தின் பக்கமுகத்திலேயே மென்படலமாகப் படியவைக்கலாம். அதற்கு வெற்றிடக் கலனுள்ள ஆய்வகத்தின் துணை வேண்டும்.

முதலில் பரப்பை நன்கு மெருகேற்றி, அசிட்டோனில் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கக் கழுவி, சில மைக்ரோமீட்டர் தடிப்பில் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) மின்காப்பைப் படியவைக்க வேண்டும். வேலையின் உயிர்நாடி இதுதான்: ஓர் ஊசித்துளை இருந்தாலும் உணரிக்கும் எஃகுக்கும் இடையே மின்சாரம் கசியும் என்பதால், இரண்டு அடுக்குகளாகப் படியவைத்து, காப்புத்தடையைச் சோதித்த பின்னரே தொடர வேண்டும். அதன்மேல் ஒட்டுப்படலமாக டைட்டானியமும், வெப்பத்திற்கேற்ப மின்தடை மாறும் உணரியாக வளைந்து செல்லும் பிளாட்டினக் கோடும், மூடியாக மீண்டும் அலுமினாவும் இடப்படும். பின்னர்ச் சூட்டில் பதப்படுத்தும்போது, எஃகைப் பதமிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் வளையத்தின் கடினத்தன்மை குறைந்துவிடும்.

இறுதியாக, நான்கு கம்பி முறையில் (இரு கம்பிகளில் மின்னோட்டம் செலுத்தி, மற்ற இரண்டில் மின்னழுத்தத்தைப் பார்த்து) மின்தடையை அளந்து, எண்ணெய்த் தொட்டியில் அளவுதிருத்தம் செய்ய வேண்டும். மென்படலப் பிளாட்டினத்தின் மின்தடை மாற்றம், ஒரு பாகை செல்சியசுக்கு 0.385 விழுக்காடு என்ற வழக்கமான அளவைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.