மழையில் பனிச்சறுக்கு: ஓர் இயன்முறை மருத்துவரின் குறிப்புகள்

நான் இயன்முறை மருத்துவர். குளிர்காலம் முழுவதும் என் முன்னால் நீட்டப்படுபவை பெரும்பாலும் முழங்கால்கள். அவற்றில் பல, பனிச்சறுக்கில் திருகிக்கொண்டவை. விடுமுறை கிடைத்தால் நானும் ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறவள்தான். அதனால், "இந்த விளையாட்டு ஆபத்தானதா?" என்று கேட்பவர்களுக்கு ஆம், இல்லை என்று சொல்வதில்லை. எந்த நாளில், எந்தப் பனியில் என்று திருப்பிக் கேட்பேன்.

பொதுக் கணக்கு இதுதான். ஆயிரம் பேர் ஒரு நாள் சறுக்கினால் ஏறக்குறைய இரண்டு மூன்று பேருக்குக் காயம் படுகிறது. அந்தக் காயங்களில் மூன்றில் ஒன்று அளவுக்கு முழங்காலில். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேர் அளவில் இறக்கிறார்கள். 10 லட்சம் வருகைகளுக்கு ஒரு மரணத்துக்கும் குறைவு. கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயில் நாளும் மழை நாளும், பழகியவரும் புதியவரும் எல்லாம் கலந்த சராசரி அது. மழை நாளில் மலைமேல் கொண்டுபோகும் லிஃப்ட்டில் ஏறுகிறவர் அந்த நாளுக்கான கணக்கைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஏறுவதற்கு முன்

வானிலை அறிக்கையில் மழையின் அளவைவிட உறைநிலை உயரத்தைப் பாருங்கள். வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும் உயரம் அது. மழை பனியாக மாறும் கோடு வழக்கமாக அதற்கு 200, 300 மீட்டர் கீழே இருக்கும். 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். கனடாவின் விஸ்லரில் அடிவாரக் கிராமம் 675 மீட்டரில் இருக்கிறது. லிஃப்ட்டில் போகக்கூடிய உச்சி 2,280 மீட்டரைத் தாண்டுகிறது. கீழே குடை பிடிக்கும் நேரத்தில் மேலே நல்ல பனி பெய்துகொண்டிருக்கும். சிக்கல் நடுவில்தான். மேலே வழுக்கிக்கொண்டு வந்த ஸ்கீ, அந்தக் கோட்டைத் தாண்டியதும் பசையில் மாட்டியதுபோல் நின்றுவிடும். உடம்பு மட்டும் முன்னே போகும். அந்த இடம் வருமுன்பே வேகத்தைக் குறைத்து, ஒரு காலைச் சற்று முன்னே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பனிச்சரிவு எச்சரிக்கை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இது ஐந்து நிலைகளில் வருகிறது. மூன்று என்றதும் ஐந்தில் பாதிதானே என்று நினைக்கிறார்கள். உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த மூன்றாம் நிலை நாட்களில்தான். புதிதாக விழுந்த உலர்பனியின் மேல் மழை பெய்தால் அதன் எடை கூடுகிறது, துகள்களுக்கு இடையிலான பிடிப்பும் விட்டுப்போகிறது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகள் அப்போது அசையத் தொடங்கும். பனி உருண்டைகள் தாமாக உருண்டு வருவது, கால் வைத்தால் முழங்கால்வரை புதைவது இரண்டும் தெளிவான அறிகுறிகள். மழை நாளில் குறியிட்ட பாதையை விட்டு வெளியே போகவே கூடாது என்பது என் கட்சி. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இன்னொன்று: கட்டடக் கூரைகளில் கிடக்கும் பனியும் மழையில் ஊறிச் சரியும். கூரை விளிம்புக்குக் கீழே ஸ்கீயைச் சாத்திவைத்துவிட்டுத் தேநீர் குடிக்காதீர்கள்.

நனைவது சின்ன விஷயம் அல்ல

இரண்டு டிகிரியில் பெய்யும் மழை, மைனஸ் பத்து டிகிரியின் உலர்ந்த குளிரைவிடக் கொடுமையானது. நீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. சட்டைக்குள் ஈரம் இறங்கியபின் திறந்த நாற்காலி லிஃப்ட்டில் பத்து நிமிடம் காற்றில் உட்கார்ந்து பாருங்கள், புரியும்.

உள்ளே பருத்தி வேண்டாம். கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள். இறகு அடைத்த ஜாக்கெட் நனைந்தால் வெறும் துணிதான். மேல் ஜாக்கெட்டின் நீர்த்தடுப்பு அளவு (துணி கசியாமல் தாங்கும் நீரின் உயரம்) 10,000 மில்லிமீட்டர் என்றால் தூறலுக்குப் போதும். நாள் முழுவதும் மழை என்றால் 20,000 இருப்பது நல்லது. நாற்காலியில் தேங்கிய நீரைக் கையால் தள்ளிவிட்டு உட்காருங்கள். நம் எடை அழுத்தும்போதுதான் ஈரம் உள்ளே புகுகிறது. கையுறை இரண்டு ஜோடி. இரண்டாவது ஜோடி பிளாஸ்டிக் பையில். காகிள்ஸை ஹெல்மெட்டின் மேல் ஏற்றிவிட்டால் நெற்றியின் ஆவி உள்ளே படிந்து, அன்று முழுக்கப் பார்வை மங்கல்தான். உட்புறத்தைத் துடைக்கவும் கூடாது, பூச்சு போய்விடும். மஞ்சள் அல்லது ரோஜா நிறக் கண்ணாடி வேண்டும். மேகமூட்டத்தில் நிழலே விழாததால் மேடும் பள்ளமும் ஒரே வெள்ளையாகிவிடும். அப்போது மரங்கள் அருகில் உள்ள பாதைகளைத் தேர்ந்தெடுங்கள். கண்ணுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும்.

ஸ்கீ வழுக்க அதன் அடியில் பூசும் மெழுகைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. வெப்பமான பனிக்கான மெழுகு பூசச் சொல்லுங்கள், போதும். ஃப்ளூரின் கலந்த மெழுகைச் சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் தடை செய்துவிட்டது. நமக்கும் அது தேவையில்லை.

முழங்கால்

ஈரப்பனி கனமானது. அதில் ஸ்கீயைத் திருப்ப முழங்காலைச் சுழற்றுகிறவர்கள்தான் பிறகு எங்களைத் தேடி வருகிறார்கள். முழங்காலுக்குள் எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் முன் சிலுவைத் தசைநார் (ஏசிஎல்) அறுவது பெரும்பாலும் ஒரே பாணியில் நடக்கிறது: இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கி, எடை பின்னுக்குப் போகிறது, மலைப்பக்கக் கை பின்னால் வீசப்படுகிறது, கீழ்ப்பக்க ஸ்கீயின் வால் பனியில் கடித்து உள்நோக்கித் திரும்புகிறது. மடங்கிய முழங்கால் அதோடு திருகிக்கொள்கிறது. சிலருக்கு "டப்" என்ற சத்தம்கூடக் கேட்கும். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் கழன்று காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். அது கால் எலும்பைக் காக்க உருவானது. இந்தத் தசைநாரை அதனால் காக்க முடிவதில்லை.

காப்பது வேறொன்று. 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த நிலையை அடையாளம் காணப் பயிற்சி பெற்ற ஸ்கீ ரோந்துப் பணியாளர்களிடமும் பயிற்றுநர்களிடமும் கடுமையான முழங்கால் காயங்கள் 62 விழுக்காடு குறைந்தன. கற்றுக்கொடுத்தது எளிமையானது: கைகளை முன்னே வையுங்கள், பாதங்களைச் சேர்த்து வையுங்கள். விழத் தொடங்கிவிட்டால் விழுங்கள். காலை நீட்டி உதைக்காதீர்கள். சறுக்கல் முழுதாக நிற்கும்வரை எழ முயலாதீர்கள். சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழப் பார்ப்பதுதான் பல தசைநார்களை முடித்துவைக்கிறது. ஈரப்பனியில் இரண்டு ஸ்கீக்கும் எடையைச் சமமாகக் கொடுத்து, பெரிய வட்டமாக, நிதானமாகத் திரும்புங்கள்.

தலையும் கட்டாயம் மூட வேண்டியது. ஆனால் ஐரோப்பியத் தரச் சோதனையில் ஹெல்மெட்டை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்துதான் விழவைக்கிறார்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமம். பாதையில் 40இல் போவது சர்வசாதாரணம். 2013இல் கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் பிரான்சின் மெரிபெல்லில் பாறையில் மோதியபோது ஹெல்மெட் அணிந்துதான் இருந்தார். 2009இல் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், புதியவர்களுக்கான சரிவில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தார். எழுந்து, நன்றாக இருப்பதாகச் சொல்லி, முதலில் உதவியை மறுத்தார். இரண்டு நாளில் இறந்துபோனார். தலையில் அடிபட்டவர் "ஒன்றுமில்லை" என்றால் தனியே விடாதீர்கள்.

மோதல் விஷயத்தில் 1967 முதல் இருக்கும் சர்வதேச விதிகள் தெளிவானவை: வேகம் வானிலைக்கும் பனிக்கும் பொருந்த வேண்டும், முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராத வழியைப் பின்னால் வருகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும். மூடுபனியில் இரண்டையும் முதலில் மறப்பவர்கள் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள்தான்.

எப்போது நிறுத்துவது

ஒவ்வொரு முறை கீழே வந்ததும் கையுறையைக் கழற்றிப் பூட்ஸின் மேல் கொக்கியை ஒற்றைக் கையால் திறந்து மூடிப் பாருங்கள். விரல் கேட்கவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். உடன் வந்தவர் நடுங்கிக்கொண்டே பேச்சில் தடுமாறினால் உடல்வெப்பம் குறைகிறது என்று பொருள். உடனே உள்ளே கூட்டிப்போய் ஈர உடையை மாற்றுங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று யாராவது சொன்னால் நான் லிஃப்ட் பக்கம் திரும்பாமல் நடந்துவிடுவேன்.

அறைக்கு வந்ததும் பூட்ஸின் உள்ளுறையை உருவிக் காற்றாட உலர்த்துங்கள்; ஹீட்டர் மேல் வைக்காதீர்கள். ஸ்கீயின் உலோக விளிம்புகளைத் துடையுங்கள், ஒரே இரவில் துருப்பிடிக்கும். மழை நின்று இரவில் வானம் தெளிந்தால் மறுநாள் காலைப் பாதை முழுக்கக் கண்ணாடிப் பனிக்கட்டியாக இறுகியிருக்கும். அன்று முதல் லிஃப்ட்டுக்கு ஓடாமல், மேற்பரப்பு ஓர் அங்குலம் இளகும்வரை காத்திருந்து, வெயில் முதலில் படும் கிழக்குச் சரிவில் தொடங்குங்கள்.