வலிப்புக்கு ஆபரேஷனா? முதல் வேலை வீட்டில்தான்

டாக்டர் பார்த்துக் கொடுத்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், விடாமல் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லையா? மூன்றாவது மாத்திரை எழுதும்போதே, ‘ஆபரேஷனுக்கு வாய்ப்பு உண்டா?’ என்று நியூரோ டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். என் தம்பிக்காக நான் கேட்டபோது திருமங்கலத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும், “மண்டையைப் பிளப்பாங்களாமே” என்றார்கள். லேசர் முறையில் மண்டையோட்டில் சில மில்லிமீட்டர் துளைதான். அதன் வழியே மெல்லிய ஒளியிழையை விட்டு, வலிப்பு கிளம்பும் இடத்தை மட்டும் சுட்டுவிடுகிறார்கள். சூடு எதுவரை பரவுகிறது என்பதை எம்ஆர்ஐயில் அப்போதைக்கப்போதே பார்த்துக்கொள்கிறார்கள்.

துளை போடுவதைவிட அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. அதில் வீட்டுக்காரர்கள் கை கொடுக்க முடியும்.

வலிப்பு வந்தால் போனில் வீடியோ எடுங்கள். இன்னொருவர் ஆளைப் பக்கவாட்டில் படுக்க வைக்கட்டும். சாவிக்கொத்து வேண்டாம், இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் வீடியோவை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். முகத்தை மட்டும் எடுக்காமல் இரண்டு கையும் தெரிகிற மாதிரி எடுங்கள். தலை எந்தப் பக்கம் திரும்பியது, முதலில் விறைத்தது எந்தக் கை, சட்டைப் பொத்தானைத் தடவினாரா, வாயைச் சப்பினாரா என்பதெல்லாம் டாக்டருக்குத் துப்பு. தம்பி தெளியும்போது இடது கையால் மூக்கைத் துடைப்பான். அதற்குப் போய் டாக்டர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். எந்தக் கை மூக்கைத் துடைக்கிறதோ, வலிப்பும் பெரும்பாலும் மூளையின் அந்தப் பக்கத்திலிருந்தே கிளம்புமாம். இடையில் பெயரைக் கேளுங்கள், ஒரு பேனாவைக் காட்டி என்னவென்று கேளுங்கள். பேச்சு எப்போது திரும்பியது என்பதும் பதிவாகிவிடும்.

பழைய எம்ஆர்ஐ ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியையும் எடுத்துவையுங்கள். மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி நியூரோ ஓபியோ தனியாரோ, எங்கே காட்டினாலும் ஆபரேஷனுக்கு முன் வீடியோ இஇஜி எடுக்கச் சொல்வார்கள்; தலையில் கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்னலைகளையும் ஆளின் வீடியோவையும் ஒன்றாகப் பதிவது அது. இந்தப் பக்கத்திலிருந்து பலர் அதற்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிலையத்துக்கும் போகிறார்கள். போகுமுன் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் போங்கள், அப்போதுதான் கம்பிகள் ஒட்டும். அங்கே வலிப்பு வரவேண்டும் என்பதற்காக மாத்திரையைக் குறைப்பார்கள். அது அவர்கள் கண்காணிப்பில் மட்டும்; வீட்டிலேயே நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியது: லேசரா, திறந்து செய்வதா? லேசரில் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம், வலியும் குறைவு. ஆனால் பொட்டுக்கு உள்பக்கமுள்ள மூளைப் பகுதியிலிருந்து (டெம்போரல் லோப்) கிளம்பும் வலிப்பில், அது அடியோடு நிற்கும் வாய்ப்பு திறந்து செய்வதில் சற்றுக் கூடுதல் என்கிறார்கள். இந்த வகை வலிப்புக்குத் திறந்து செய்வது பற்றி 2001-இல் வெளியான கனடா ஆய்வில், ஆபரேஷனுக்கு என்று ஒதுக்கப்பட்டவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில் நினைவிழக்கும் வலிப்பு இல்லை. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 8 சதவீதம்தான். இடது பக்கம் என்றால் ஞாபகசக்தி, பெயர் சொல்லும் திறன் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

இடமே பிடிபடவில்லை என்றால், நெஞ்சில் பேட்டரி வைத்துக் கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி இருக்கிறது. அது வலிப்பைக் குறைக்கும். முழுக்க நிற்பது அரிது.

அப்புறம் செலவு. காப்பீட்டு அட்டையில் எந்த முறை வரும் என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ரயிலில் போனால் லோயர் பெர்த் போடுங்கள். மாத்திரை பெட்டியில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும்.