பசியில்லை என்று சொன்ன இருவர்: கூட்டாளிகளோடு நேபாளம் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேபாளத்தில் அன்னபூர்ணா பேஸ் கேம்புக்கு (மலையடி முகாமுக்கு) ஏறும் வழியில், தேவுராலி என்ற இடத்தில், 3,230 மீட்டர் உயரத்தில், ஒரு விடுதி மேசையைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேரும் திருகோணமலை. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பந்துக் கூட்டம். பெரிய தட்டுகளில் சோறும் பருப்பும் வந்தன. "எனக்குப் பசியில்லை மச்சான்" என்றான் ஒருவன். கொஞ்ச நேரத்தில் இன்னொருவனும் அதையே சொன்னான். மற்ற மூன்று பேரும் சரி என்று விட்டுவிட்டுச் சாப்பிட்டோம்.

ஒருவனுக்குக் கையில் காசு முடிந்திருந்தது. மற்றவனுக்கு மலைநோய், அதாவது உயரத்துக்கு உடம்பு பழகாமல் வரும் நோய், தொடங்கியிருந்தது. வாயில் வந்த சொல் ஒன்று, காரணம் இரண்டு. அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. முதுகில் பையைப் போட்டுக்கொண்டு அன்னபூர்ணா பக்கம் கிளம்ப நினைக்கும் நம்மூர்ப் பொடியன்களும் பிள்ளைகளும் இதைப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தவறுகள் வீட்டிலேயே, நாட்காட்டியைப் பார்க்கும்போதே தொடங்கிவிடுகின்றன. நமக்கு ஆகஸ்ட் என்றால் நல்ல வெயில் காலம். நிலாவெளிக் கடல் அமைதியாகக் கிடக்கும், புறாத்தீவுக்கு நாள் முழுக்க வள்ளம் ஓடும். அந்த நினைப்பிலேயே ஆகஸ்ட் லீவுக்கு நேபாளம் போடுகிறார்கள். அங்கே ஜூனில் இருந்து செப்டெம்பர் வரை மழைக்காலம். பாதை வழுக்கும், அட்டை கடிக்கும், மண்சரிவில் வீதி அடைபடும். இவ்வளவு பட்டும் மலை முகிலுக்குள் மறைந்தே கிடக்கும். அங்கே வானம் வெளிக்கிற ஒக்டோபர், நவம்பரில் நமக்கு மாரி தொடங்கிவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியானது சித்திரை வருடப்பிறப்பு லீவுதான். அதோடு சில நாட்களைச் சேர்த்து எடுத்தால் மார்ச் கடைசியில் இருந்து ஏப்ரல் வரை நல்ல காலம்.

விமானச் சீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. மலிவு என்று கொழும்பில் இருந்து டெல்லிக்கு ஒரு சீட்டு, டெல்லியில் இருந்து காத்மண்டுவுக்கு வேறொரு சீட்டு என்று தனித்தனியாக எடுக்காதீர்கள். பையை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டி வந்தால் குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டும்; அதற்கு இந்திய விசா வேண்டும். கடைசி வரை ஒரே சீட்டாக எடுங்கள். நேபாள விசா நமக்குப் பிரச்சினையில்லை. நம்மைப் போன்ற பெரும்பாலான சார்க் (தெற்காசிய) நாட்டவர்களுக்கு ஓர் ஆண்டில் முதல் தடவை 30 நாள் விசா இலவசம். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிக் கட்டணமும் மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய் என்றால் நமக்கு 1,000 தான். அனுமதியை யாரிடம் எடுக்கக் கொடுத்தாலும் கடவுச்சீட்டைக் காட்டி, எந்தக் கணக்கில் போடுகிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்பதைச் சீட்டு எடுக்க முதலே பாருங்கள்.

இனி அந்த மேசைக்கு வருகிறேன். முதலில் காசு.

எங்களில் ஒருவன் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். நாங்கள் போட்ட செலவுக் கணக்கு அவனுக்குக் கட்டாது. அது அவனுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மலையில் ஏற ஏற விலையும் ஏறும். அரிசி, பருப்பு, காஸ் எல்லாம் மனிதர் முதுகிலும் கோவேறு கழுதையிலும்தான் மேலே வருகின்றன. அறை வாடகை குறைவு, ஆனால் சாப்பாட்டை அதே விடுதியில்தான் எடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். வெந்நீருக்குத் தனிக் காசு, போன் சார்ஜுக்குத் தனிக் காசு. மலைக்குப் போகும் வழியில் உள்ள பொக்காரா நகரத்தைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்ப முடியாது. அவன் இரண்டு நாளாகத் தேத்தண்ணியை விட்டு, பிறகு இரவுச் சாப்பாட்டையும் விட்டு, எங்களோடு சேர்ந்து நடந்திருக்கிறான். நாள் முழுக்கக் கல்லுப்படி ஏறியவன், பிஸ்கட்டும் தண்ணியும் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறான். கூட இருந்த எங்களுக்கு அது கண்ணில் படவில்லை.

ஆகவே, கையில் காசு குறைந்தவனின் கணக்கைத்தான் முழுக் கூட்டத்தின் கணக்காக வைக்க வேண்டும். எல்லார் முன்னாலும் "உன்னிடம் எவ்வளவு இருக்கிறது" என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். ஒருவர் தனித்தனியாகக் கேட்டு, யார் எவ்வளவு சொன்னார்கள் என்று வெளியில் விடாமல் தொகையை மட்டும் சொல்லட்டும். பொக்காராவிலேயே எல்லாரும் சமமாகப் பொதுக்காசு போட்டு ஒருவர் கையில் கொடுங்கள். சாப்பாடு, அறை, தண்ணி எல்லாம் அதில் இருந்து. கேக் தின்கிறவர், பியர் குடிக்கிறவர் தன் சட்டைப்பையில் இருந்து கொடுக்கட்டும். சாப்பாட்டுக்கு தால்பாத் எடுங்கள். பெரும்பாலான இடங்களில் சோறும் பருப்பும் திரும்பத் திரும்பப் போடுவார்கள். நமக்கும் சோறில்லாமல் நடக்க வராது.

மற்றவன் எங்கள் கோல்கீப்பர். ஐந்து பேரில் உடம்பு வாய்த்தவன் அவன்தான். உடம்பு வலுவாக இருந்தால் மலைநோய் வராது என்று நாங்கள் நம்பியிருந்தோம். இது பெரிய தவறு. உடற்பயிற்சி காலுக்கு உதவும், மூச்சும் தாங்கும். ஆனால் மலைநோய் யாருக்கு வரும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. சொல்லப்போனால், வலுவானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கு ஆபத்து கூட. நாங்கள் கடல் மட்டத்தில் பிறந்து கச்சான் காற்றில் வளர்ந்தவர்கள். நம் நாட்டில் ஆக உயரமான பிதுருதலாகலையே 2,524 மீட்டர்தான். 4,130 மீட்டரில் இருக்கும் அன்னபூர்ணா பேஸ் கேம்பில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் அந்த அளவுக்குக் குறையும். உடம்பு அதற்குப் பழக நாள் கொடுக்க வேண்டும்.

3,000 மீட்டருக்கு மேலே போனதும், படுக்கும் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பகலில் இன்னும் மேலே ஏறிப் பார்க்கலாம், ஆனால் கீழே வந்துதான் படுக்க வேண்டும். நாங்கள் என்ன செய்தோம்? 2,310 மீட்டரில் இருக்கும் பாம்பூவில் இருந்து ஒரே நாளில் தேவுராலி. அடுத்த நாளே அங்கிருந்து பேஸ் கேம்ப். இரண்டு நாளும் தொள்ளாயிரம், தொள்ளாயிரம் மீட்டர். ஒரு நாள் மிச்சம் பிடிக்கலாம் என்ற அவசரம். எங்கள் வழிகாட்டி தேவுராலியிலேயே மெல்லச் சொல்லிப் பார்த்தார், நாங்கள் கேட்கவில்லை.

சரியான நடை இப்படி இருக்கும்: 2,920 மீட்டரில் ஹிமாலயா என்ற இடத்தில் ஓர் இரவு, தேவுராலியில் ஓர் இரவு, 3,700 மீட்டரில் மச்சாபுச்சரே பேஸ் கேம்பில் ஓர் இரவு. அடுத்த நாள் விடிய முதலே மேலே போய், வெயில் பட்டு மலை பொன்னாவதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே இறங்கிவிட வேண்டும்.

கோல்கீப்பருக்குத் தேவுராலியிலேயே தலையிடி இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாமல் பனடோல் போட்டிருக்கிறான். தலையிடி, பசியின்மை, சத்தி வருவது போன்ற உணர்வு, தலைச்சுற்று, களைப்பு: புதிதாக உயரத்துக்கு வந்த இடத்தில் தலையிடியோடு இவற்றில் ஒன்று சேர்ந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியும் வரை அதை மலைநோய் என்றே எடுக்க வேண்டும். அதற்கு மேல் ஏறக்கூடாது. குளிசை போட்டு வலியை அமத்திவிட்டு ஏறுவது, நெருப்பு மணியைத் துணியால் சுற்றிவிட்டுப் படுப்பது மாதிரி.

பேஸ் கேம்பில் அன்று இரவு இரண்டு தடவை சத்தி எடுத்தான். வெளியே போக வேண்டும் என்று எழும்பி, கட்டிலில் இருந்து சப்பாத்து நாடாவைப் பிடித்தான். முடிச்சுப் போட வரவில்லை. ஒரு நாடாவின் மேல் மற்றதை வைப்பான், விடுவான், பார்த்துக்கொண்டே இருப்பான். வழிகாட்டி டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, குதிகாலும் பெருவிரலும் முட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சுவரில் சாய்ந்தான். "இப்பவே இறங்கணும்" என்றார். உயரத்தில் இப்படித் தள்ளாடினால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கும் நோய் இல்லை அது. இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து இருட்டிலேயே இறங்கினோம். மறுநாள் மதியம் ஹிமாலயாவில், "சோறு இருக்கா?" என்று அவனே கேட்டான். நான் அழுதுவிட்டேன். பொக்காராவில் மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் எங்களுக்கு நித்திரை வந்தது.

2023 ஏப்ரலில் இருந்து மலையேறும் வெளிநாட்டவர்கள் வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்று நேபாளம் அறிவித்திருக்கிறது. ஐந்து பேர் இருக்கிறோம், வரைபடம் போனில் இருக்கிறது, வழிகாட்டி எதற்கு என்று நினைக்காதீர்கள். அந்த இரவில் எங்களுக்கு மருத்துவமும் அவர்தான், பாதையும் அவர்தான். தேவுராலிக்கும் மச்சாபுச்சரே பேஸ் கேம்புக்கும் இடையில் பனிச்சரிவு வரும் இடங்கள் உண்டு. வெயில் ஏற முதல் அதைக் கடக்க வேண்டும் என்பதும் உள்ளூர்க்காரருக்குத் தெரிந்த விஷயம்.

காப்புறுதியையும் வாசித்து வாங்குங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எதுவும் கிடைக்காது. எத்தனை மீட்டர் வரை, ஹெலிகொப்டர் மீட்பு சேர்த்தியா என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வேண்டும். மலைநோய் வராமல் இருக்கப் போடும் டயமொக்ஸ் போன்ற மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துவராதவர்கள் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

சப்பாத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உப்புவெளி மணலில் நடந்து பழகுவது காணாது. பேஸ் கேம்ப் பாதையில் வரும் சொம்ரோங் கிராமத்தில் மட்டும் ஆயிரக்கணக்கில் கல்லுப்படி. ஏறுவதை விட இறங்குவதுதான் முழங்காலைக் கேட்கும். போக முதல் அதே சப்பாத்தோடு, அதே பையோடு சிவனொளிபாதமலை ஏறி இறங்கிப் பாருங்கள். எங்கே கொப்புளம் வரும் என்று ஹட்டனிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த வருடம் அதே ஐந்து பேரும் நேபாளத்திலேயே இன்னொரு மலைப்பகுதியான லாங்டாங் பக்கம் போனோம். ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தோம்: தலை எப்படி, காசு எப்படி. தலைக்குப் பூச்சியத்தில் இருந்து பத்து வரை ஓர் எண். 3,430 மீட்டரில் இருக்கும் லாங்டாங் கிராமத்தில் கோல்கீப்பர் "மூன்று" என்றான். யாரும் முகம் சுளிக்கவில்லை. மறுநாள் முழுக்க அங்கேயே தங்கி, அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்து கடதாசி விளையாடினோம். அதற்கு அடுத்த நாள் காலை அவன் "பூச்சியம்" என்றான். பையைத் தூக்கினோம்.