ஐஸ் ஹாக்கி வீரர் பயிற்சியாளராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓய்வுபெற்ற ஐஸ் ஹாக்கி வீரர்கள் பயிற்சியாளராவது வட அமெரிக்காவில் வழக்கம்தான் என்றாலும், அவர்களில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: களத்தில் சம்பாதித்த பெயரே அணியை நடத்தவும் போதும் என்று வீரரும் நம்பிவிடுகிறார், அவரை நியமிப்பவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

வேய்ன் கிரெட்ஸ்கி இதற்கு எல்லோரும் சுட்டும் உதாரணம். வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல். வரலாற்றில் 2,857 புள்ளிகளுடன் (கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்ந்த கணக்கு) எவரும் நெருங்க முடியாத உயரத்தில் இருக்கும் அவர், அதற்குமுன் எங்கும் பயிற்சியாளராக இல்லாமலேயே 2005இல் பீனிக்ஸ் கயோட்டீஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். நான்கு பருவங்களில் ஒருமுறைகூட அந்த அணி கோப்பைக்கான பிளேஆஃப் (நாக்-அவுட்) சுற்றை எட்டவில்லை. பணநெருக்கடியில் தவித்த அணி அது என்பதால் பழி முழுவதையும் அவர்மேல் சுமத்துவது நியாயமாகாது. ஆனாலும், பக் (ஆட்டத்தில் அடிக்கப்படும் ரப்பர் வட்டு) அடுத்து எங்கே வரும் என்று தானே உணர்ந்து ஆடுவது ஒரு திறமை, அப்படி உணராத ஒருவருக்கு அதைப் பிரித்துப் பிரித்துக் கற்றுத்தருவது முற்றிலும் வேறு திறமை.

வீரர்களின் பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும் பயிற்சியாளரின் வேலையைக் குறைத்து மதிப்பிடுவதும் அடிக்கடி நேர்கிறது. ஒரு வீரர் ஒருமுறை இறங்கினால் ஏறத்தாழ 45 விநாடிகள் ஆடிவிட்டு, வேறொருவருக்கு இடம்விட்டுப் பெஞ்சுக்குத் திரும்பிவிடுவார். பயிற்சியாளரோ அதற்குள் அடுத்த வரிசையில் (ஒன்றாக இறங்கும் வீரர் குழுவில்) யாரை இறக்குவது, எதிரணி யாரை இறக்கும் என்று கணித்தாக வேண்டும். ஆட்டம் நின்றிருக்கும்போது கடைசியாக ஆளை மாற்றும் உரிமை சொந்தத் திடலில் ஆடும் அணிக்கே உண்டு. நடுவரின் முடிவைக் கோபத்தில் எதிர்ப்பதற்கும் இங்கே விலை இருக்கிறது: 2019 முதல், கோல் குறித்த முறையீடு தோற்றால் முதல் முறை 2 நிமிடம், அடுத்த முறை 4 நிமிடம் ஆள் குறைவாக ஆட வேண்டும்.

நேற்றுவரை கூட ஆடியவர்களை இன்று அதட்டி வேலைவாங்குவது எளிதல்ல. கரோலினா ஹரிகேன்ஸின் ராட் பிரிண்டமூர் இதில் அவசரப்படவில்லை. 2006இல் அணித்தலைவராக என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையை வென்று, 2010இல் ஓய்வுபெற்ற அவர், அதே அணியில் பல ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்த பின்னரே 2018இல் தலைமைப் பொறுப்பேற்றார். அதற்குள் உடன் ஆடியவர்களில் பெரும்பாலோர் விலகியிருந்தார்கள். தொடர்ந்து ஒன்பது பருவங்கள் பிளேஆஃபைப் பார்க்காத அணி அவருடைய முதல் பருவத்திலேயே அரையிறுதிக் கட்டம்வரை சென்றது.

என் கணிப்பில் மிகப் பெரிய தவறு, கீழ்மட்ட லீக்குகளைக் கௌரவக் குறைவாக நினைப்பதே. பயிற்சியாளர் ஜாரெட் பெட்னார் என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆடிய காலத்தில் பெரும்பகுதி ஈ.சி.எச்.எல். என்ற கீழ் லீக்கில் கழிந்தது. அங்கே வீரர்களைத் தேடிப்பிடிப்பதும் பெரும்பாலும் பயிற்சியாளரின் வேலைதான். ஒருவர் தேறிவந்ததும் மேல் லீக் அழைத்துக்கொள்ளும், இருப்பவர்களை வைத்து அடுத்த ஆட்டத்துக்கு வரிசையை மாற்றியமைக்க வேண்டியிருக்கும். இப்படிப் பழகிய பெட்னார் 2009இல் அந்த லீக்கின் கெல்லி கோப்பையையும், 2016இல் என்.எச்.எல்.லுக்கு அடுத்த நிலை லீக்கான ஏ.எச்.எல்.லின் கால்டர் கோப்பையையும் பயிற்சியாளராக வென்றார்.

அதே 2016 ஆகஸ்டில், புகழ்பெற்ற கோல்கீப்பராக இருந்து பயிற்சியாளரான பாட்ரிக் ராய், அணி முடிவுகளில் தனக்குப் போதிய பங்கில்லை என்று கூறிக் கொலராடோ அவலாஞ்ச் அணியிலிருந்து திடீரென விலகினார். அதிகார எல்லையை முன்கூட்டியே தெளிவாகப் பேசி முடிக்காததன் விளைவு இது. பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில் பெட்னார் பொறுப்பேற்றார். முதல் பருவத்தில் 82 ஆட்டங்களில் 22 வெற்றி, அட்டவணையில் 48 புள்ளிகளோடு லீக்கிலேயே கடைசி இடம். பல அணிகளில் அத்தோடு வேலை போயிருக்கும். பொது மேலாளர் ஜோ சாகிக் அவரை மாற்றவில்லை. 2022இல் கொலராடோ ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, இந்த மூன்று கோப்பைகளையும் தலைமைப் பயிற்சியாளராக வென்ற முதல் மனிதரானார் பெட்னார்.