கடுகுத் தொட்டியில் ஒரு போட்டி

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இயற்கைத் தேர்வுப் பாடம், அதாவது பிழைத்துப் பெருக உதவும் குணம் தலைமுறை தலைமுறையாகப் பரவுவது, வந்ததும் 'போட்டி' என்று சொன்னால் போதும், நோட்டில் இரண்டு மான்கள் கொம்பு கோத்துச் சண்டை போட ஆரம்பித்துவிடும். அதனால் இப்போதெல்லாம் நேராக மொட்டைமாடிக்குக் கூட்டிப் போய்விடுகிறேன். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

ஒரே அளவில் இரண்டு தொட்டி, ஒரே கலவை மண். ஒன்றில் பத்துக் கடுகு, இன்னொன்றில் 200. அஞ்சறைப் பெட்டிக் கடுகே போதும், ஆனால் ஸ்பூனால் அள்ளாமல் எண்ணிப் போடுங்கள். மேலே லேசாக மண் தூவிப் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் வருடம் நான் ஒன்றைத் தண்ணீர் டேங்க் நிழலில் வைத்துத் தொலைத்தேன். எது நெருக்கத்தால் வாடியது, எது நிழலால் என்று பிரிக்கவே முடியவில்லை.

முளைத்ததும் நெருக்கத் தொட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் பிடித்து, அதிலுள்ள நாற்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஈர்க்குச்சி குத்துங்கள். டார்வின் செய்ததும் ஏறக்குறைய இதுதான். மூன்றடிக்கு இரண்டடி நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, முளைத்த களைகளை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார். 357-இல் 295 அழிந்தன. 1859-இல் வந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. ஆனால் அவற்றை அழித்தது பெரும்பாலும் ஓடில்லா நத்தையும் பூச்சியும்தான், பக்கத்துச் செடி அல்ல. எனவே கடிபட்டுச் செத்ததைத் தனியாக எழுதுங்கள், அதைப் போட்டிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மூன்றாவது வாரம் தொட்டிக்குள் குனிந்து பாருங்கள். மேலே சில செடிகள் இலை விரித்திருக்கும். அடியில் நூல் மாதிரித் தண்டு, மஞ்சளித்த இலை, சில இடத்தில் காய்ந்த ஈர்க்குச்சி மட்டும். ஒரு கீறல்கூட இருக்காது. முந்திக்கொண்டது வெளிச்சத்தை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். கடுகுக்குக் கடுகுதான் பெரிய போட்டி, ஏனென்றால் இரண்டுக்கும் வேண்டியது அச்சு அசல் ஒன்றே. விவசாயிகள் நெருக்கமாக முளைத்த நாற்றில் சிலதைப் பிடுங்கிப் பயிர் கலைத்து விடுவதும் இதற்குத்தான்.

"அப்போ ஜெயிச்ச செடி தேர்வாயிடுச்சா, மிஸ்?" என்றாள் ஒருத்தி. இங்கேதான் அவசரப்படக் கூடாது. அது ஒரு நாள் முன்னால் முளைத்திருக்கலாம், தொட்டி ஓரத்தில் விழுந்திருக்கலாம். ஜெயிக்க வைத்த குணம் விதை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போனால்தான் அது தேர்வு. சரி, எப்படிச் சோதிப்பது? இரண்டு தொட்டியையும் காய் முற்றும்வரை விடுங்கள். நெருக்கத்தில் தப்பியதன் விதையையும் தள்ளி வளர்ந்ததன் விதையையும் தனித்தனியே காயவைத்து, ஒரே நெருக்கத்தில் மறுபடி விதையுங்கள்.

எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இந்த முறை சல்லடையில் சலித்து, பெரிய கடுகு ஒரு தொட்டி, பொடிக் கடுகு ஒரு தொட்டி என்று போட்டிருக்கிறேன். இன்று ஆறாம் நாள்.