சித்தப்பா "கள்ளத்தோணி"ன்னா என்ன பதில் சொல்றது
ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல யாராவது சிலோன் அகதிங்கள "கள்ளத்தோணில வந்தவனுங்க"ன்னு போட்டா உடனே சண்டைக்குப் போகாதீங்க. "கேம்ப் உள்ள போய் பாத்திருக்கீங்களா சித்தப்பா?"ன்னு மட்டும் கேளுங்க, பாதி பேர் அதோட கப்சிப். அப்புறம் சட்டத்த எடுங்க. இலங்கைல தமிழங்களுக்கு எதிரா நடந்த 1983 கலவரத்துக்கப்புறம் உயிருக்குப் பயந்து படகேறுனவங்க கைல விசா எங்க இருக்கும், ஆனா நம்ம குடியுரிமைச் சட்டப்படி அது இல்லாம வந்தா சட்டவிரோதக் குடியேறிதான், அப்பா அம்மால ஒருத்தர் அப்படின்னாலும் 2004 டிசம்பர் 3லேர்ந்து இங்க பொறந்த புள்ளைக்கும் பிறப்பால குடியுரிமை கெடையாது, மூணு அண்டை நாட்டுலேர்ந்து வந்த சில மதத்துக்காரங்களுக்கு குடியுரிமைக்கு வழி விட்ட 2019 திருத்தத்துலயும் (CAA) இலங்கை பேரே இல்ல. "சும்மா சோறு போடுறோம்"னு வந்தா, நம்ம வீட்டுக்கு பெயின்ட் அடிச்ச அண்ணன் எந்த ஊருன்னு ஞாபகப்படுத்துங்க. கடைசியா, கள்ளத்தோணிங்கறதே இலங்கைல இந்திய வம்சாவளித் தமிழங்களத் திட்டுன வார்த்தைன்னு சொல்லுங்க. எங்க சித்தப்பா அதுக்கு ஒரு ரோஜாப்பூ குட்மார்னிங் அனுப்பிட்டு டாபிக்க மாத்திட்டாரு.